கச்சான் காலத்துக் கிடுகு வேலி

முகத்தில் ஒரு பிடி மண் வந்து விழுந்தது.

ஜுமானா கண்ணைக் கசக்கிக்கொண்டு நிமிர்ந்தாள். அவள் கூட்டிக் குவித்துப் பற்றவைத்த சருகை, யாரோ ஒருவன் காலால் மண்ணை எற்றி எற்றி அணைத்துக்கொண்டிருந்தான். உயரமானவன்... நீண்ட இமைகள். அதைக் கவனித்துவிட்டதற்காகத் தன்மீதே அவளுக்குக் கோபம் வந்தது.

“உங்களுக்கென்ன விசரா?”

“எனக்கா? கச்சான் காத்து எழும்புற நேரத்தில காஞ்ச ஓலைக் கிடுகு வேலிக்கடியில நெருப்பு வைக்கிறது நீங்க!”

“குப்பை இல்லாட்டித்தானே காட்டு நெருப்பு கிட்ட வராது? நான் வீட்டக் காப்பாத்துறன்.”

“ஓம் ஓம்... நீங்களே முதல் கொளுத்திப்போட்டா காட்டு நெருப்புக்கு வேலை மிச்சம்தான்!”

சிரிப்பு வந்தது... உதட்டைக் கடித்துக்கொண்டாள். மூதூருக்கு உள்ளே, பற்றைக்காட்டு ஓரத்தில் இருந்த அந்த வீட்டில் அவளோடு இப்படி வாய்காட்டியவர் எவருமில்லை.

அவன் பெயர் றுவைஸ். கிண்ணியாவில் தண்ணீர் மோட்டார் திருத்துபவன். அடுத்த வளவில் குடியிருக்கும் றம்ஸியா அவனுடைய மாமி. போன வருஷக் கச்சானில் காட்டு நெருப்பு வந்து, மாமியின் குசினி அடுப்பும் சட்டியுமாக எரிந்துபோனது. இந்த முறை அப்படி ஆகக் கூடாதென்று வந்தவன், புகை மணத்துக்கு இந்தப் பக்கம் பாய்ந்திருந்தான்.

இப்போதும் கச்சான் வீசத் தொடங்கினால் ஜுமானாவுக்கு அந்த ஜூன் மாதம்தான் ஞாபகத்துக்கு வரும். வேலிக்கு அப்பால் மண்வெட்டிச் சத்தம்... வளவைச் சுற்றிப் புல்லைச் செதுக்கி வெறும் மண்ணாக்குவான். இவளும் தன் பக்கத்தைச் செதுக்குவாள். அவன் கூரையில் ஏறிச் சருகு தள்ளினால், மறுநாள் இவள் ஏணி தேடுவாள்.

“குசினிப் பக்கம் கிடக்கிற விறக தூர வைங்க,” என்று வேலி கதைக்கும்.

“வச்சாச்சு. நீங்க சாக்கு நனைச்சு வச்சீங்களா?”

“அட... மறந்திட்டன்.”

“பெரிய ஆள்தான்!”

கிடுகு இடுக்கில் ஒரு கண் மட்டும் தெரியும். ஒற்றைக் கண்ணுக்கு இவ்வளவு சிரிக்கத் தெரியுமா...

ஒரு நாள் றுவைஸ் நேரே வாசலுக்கு வந்து, அவளுடைய வாப்பா ஸெய்னுதீனிடம் சொன்னான்.

“மாமா, குறை நினைக்காதீங்க. இந்த வேலி காஞ்சு கிடக்கு. ஒரு முனையில பத்தினா, திரி மாதிரி இழுத்துவந்து உங்கட குசினியில விடும். கழட்டிடுவம்.”

ஸெய்னுதீனுக்கு முகம் சிவந்தது. மகளுக்கென்று கல்லுக் கல்லாகச் சேர்த்துக் கட்டிய வீடு அது, மாப்பிள்ளை வந்து குடியேற வேண்டிய வீடு. வெள்ளிக்கிழமை பெண் பார்க்க ஆட்கள் வரவிருந்ததால்தான் புதுக் கிடுகு கட்டி வேலியை உயர்த்தியிருந்தார்.

“குமர்ப் பிள்ளை இருக்கிற வீட்டுக்கு வேலி வேணாமாம்! தம்பி, நீங்க மாமிட வளவப் பாருங்க. என்ட மகள்ட மானத்த நான் பாக்கிறன்.”

“வாப்பா, அவர் சொல்றது...”

“நீ உள்ளுக்குப் போ.”

அன்றிலிருந்து வேலி கதைக்கவில்லை. அவனுக்கும் ரோஷம் இருக்காதா? ஜுமானா இடுக்குகளைப் பார்த்துப் பார்த்து ஏமாந்தாள்.

புதன்கிழமை மத்தியானம், வாப்பா பள்ளிக்குத் தொழப் போயிருந்தார். முதலில் புகை... பிறகு பற்றைகள் வெடிக்கும் சத்தம். செதுக்கிய மண்ணில் புல் நெருப்பு நின்றுவிட்டது. ஆனால் கோடியில் வேலி முனை பற்றிக்கொண்டது. அவன் சொன்னபடியே, நெருப்பு கிடுகு கிடுகாக வீட்டை நோக்கி ஓடிவந்தது.

உம்மா பல்கீஸ் காஸ் சிலிண்டரை உருட்டிக்கொண்டு முற்றத்துக்கு ஓடினாள். ஜுமானா கத்தியை எடுத்தாள். வேலியின் நடுவில் கயிறுகளை அறுத்து இழுத்தாள்... அசையவில்லை. அப்போது மறுபக்கத்திலிருந்து இரண்டு கைகள் தள்ளின.

“இழுங்க! நான் தள்ளுறன்!”

“ஏலாது... கம்பியில கொழுவிட்டுது!”

“கையை எடுங்க... ஒரே தள்ளு!”

வேலி சரிந்தது. கிடுகுகளைத் தூர இழுத்தெறிந்து, ஈரச் சாக்கால் அடித்தார்கள். நெருப்பு, வேலி பிடுங்கிய அந்த வெறும் மண் வரை வந்தது... தின்ன ஒன்றுமில்லாமல் அடங்கிப்போனது.

இரண்டு வளவுக்கும் நடுவில் இப்போது எதுவுமில்லை. கரி அப்பிய முகத்தோடு அவன் நின்றான். முழு முகம்...

“ரெண்டு கண்ணும் இருக்கே,” என்றாள், மூச்சு வாங்க.

அவன் சிரித்துவிட்டான்.

மறுநாள் காலை, நட்டால் தழைக்கிற பச்சைக் கிளுவைத் தடிகள் ஒரு கட்டோடு றுவைஸ் அவர்கள் வளவில் நின்றான். அவன் நட்டான், அவள் வாளியில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினாள்.

“நாளைக்கு ஆக்கள் வருவாங்கதானே...” என்றான், தடியைப் பார்த்தபடி.

“வரமாட்டாங்க. எனக்கு விருப்பமில்லையெண்டு ராவு வாப்பாட்ட சொல்லிட்டன்.”

அவன் கை நின்றது. “வாப்பா என்ன சொன்னார்?”

“விடிஞ்சதும், நெருப்புப் பத்தாத வேலி கட்டத் தெரியுமாண்டு உங்களக் கூப்பிட்டு விட்டார்.”

கச்சான் அவள் முக்காட்டை இழுத்தது. அவன் அடுத்த தடியை ஊன்றி, மண்ணை மிதித்து இறுக்கினான்.

“இது தழைக்க மாரி வரோணும்,” என்றான் மெதுவாக. “அதுவரைக்கும் உங்களப் பாத்துக்கொண்டு... இங்கேயே நிக்கலாமெண்டு நினைக்கிறன். தழைச்சிட்டா மறைச்சிடும்.”

ஜுமானா வாளியைக் கீழே வைத்தாள். கிணற்றடியில் வாப்பா நிற்கிறார்... கேட்டால் கேட்கட்டும்.

“அப்ப அதுக்கு முதல் உங்கட உம்மாவ அனுப்புங்க,” என்றாள். “வேலி தழைக்கிற நேரம்... நீங்க இந்தப் பக்கம் இருக்கோணும்.”