நூறு மீட்டர் பலகை

முதல் பார்வையிலேயே காதல் என்று எல்லோரும் சொல்வார்கள். இந்தக் கதையில் அதற்கு வழியே இல்லை. கதாநாயகனுக்குப் பார்வையில்தான் கோளாறு...

வெளியே மழை அடித்து ஊற்றிக்கொண்டிருந்தது. கண்ணாடிக் கடையின் கதவைத் தள்ளிக்கொண்டு ஓர் அக்கா வந்தாள். பின்னால் அவள் தம்பி. இழுத்துவரப்பட்டவன் என்று முகத்திலேயே எழுதி ஒட்டியிருந்தது. நெடுநெடுவென்று உயரம், லிஃப்ட் பழுது பார்ப்பவர்கள் போடும் நீலச் சட்டை. அக்காவுக்கு வழி விடுகிறேன் பேர்வழி என்று ஒரு எட்டு பின்னால் வைத்தான். அவ்வளவுதான். வரிசையாக அடுக்கியிருந்த பிரேம்கள் அத்தனையும் சடசடவென்று தரைக்கு வந்தன.

"ஐயோ, சாரிங்க... நான் எடுத்து வைக்கிறேன்..."

"வேணாம் சார். நீங்க எடுத்தா அடுத்த வரிசையும் விழும்."

கடையில் கண் பரிசோதிப்பவள் அவள்தான். சொல்லிவிட்டாளே தவிர, அவளும் குனிந்தாள். இரண்டு பேரும் ஒரே பிரேமுக்குக் கை நீட்ட, அவன் நிமிர்ந்து பார்த்தான். அவன் இமையில் ஒரு மழைத்துளி விழலாமா வேண்டாமா என்று தொங்கிக்கொண்டிருந்தது. காப்பிக்கொட்டை நிறத்தில் கண்கள்... கேள்வி கேட்டுவிட்டுப் பொறுமையாகப் பதிலுக்குக் காத்திருக்கிற கண்கள். ஒரு நாளைக்கு இருபது ஜோடிக் கண்ணைப் பார்ப்பது அவளுக்குப் பிழைப்பு. இந்த ஜோடியை மட்டும் ஏன் இரண்டு விநாடி கூடுதலாகப் பார்த்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

"இவனுக்குக் கண்ணு பாருங்கம்மா" என்றாள் அக்கா. "பஸ் நம்பர் கிட்ட வந்தாத்தான் தெரியுதாம். கேட்டா, எல்லாருக்கும் அப்படித்தானேங்கிறான்!"

இருட்டறையில் அவனை நாற்காலியில் உட்கார வைத்தாள். அக்கா மூலையில் இருந்த முக்காலியில் அமர்ந்தாள்.

"எப்பயிருந்து இப்படி?"

"மூணு வாரமாத்தாங்க கவனிச்சேன். வேலையில ஒண்ணும் தெரியல, எல்லாம் கைக்கெட்டுற தூரம். வீட்லதான்... நான் ஆன்லைன்ல கார் ரேஸ் ஓட்டுவேன். முன்னாடி திரை மேசை மேலேயே இருந்துச்சு. இப்ப அக்கா பசங்களோட வந்திருக்காங்க, இடம் பத்தல. அதனால திரையைச் சுவத்துல மாட்டிட்டேன். ஆறடி தள்ளி."

"ஆமா, பழி எம்மேல" என்றாள் அக்கா.

கண் பரிசோதிப்பவள் சிரித்துக்கொண்டே வெற்று வட்டச் சட்டத்தை அவன் மூக்கில் வைத்து முதல் வில்லையைச் சொருகினாள்.

"ரேஸ்ல நேர்ப்பாதை முடியிற இடத்துல பலகை இருக்குங்க. நூத்தம்பது, நூறு, அம்பது... நூறு மீட்டர் பலகையில பிரேக் போடணும். அந்த நூறு இப்பல்லாம் கலங்கலாத்தான் தெரியுது. கை தப்பிப் போச்சுன்னு நெனச்சேன். போன சனிக்கிழமை லேட்டா பிரேக் போட்டு, முன்னாடி போனவங்களை இடிச்சே இடிச்சிட்டேன்."

இரண்டாவது வில்லையை எடுத்த கை அப்படியே நின்றது.

போன சனிக்கிழமை... நேர்ப்பாதையின் முடிவில்... பின்னாலிருந்து ஒரு இடி. சே, அப்படியெல்லாம் இருக்காது. ரேஸ் ஓட்டுகிறவர்கள் ஆயிரம் பேர்.

"அதுல இவன் வச்சிருக்கற பேரைக் கேளுங்க" என்றாள் அக்கா. "கொக்கு! பேருக்கு ஏத்த மாதிரி, பிடிவாதம் வந்தா ஒத்தக் கால்லதான் நிப்பான்."

அவளுக்குத் தெரிந்த கொக்கு ஒன்றே ஒன்றுதான்.

ஒரு வருடத்துக்கு முன்னால், நிச்சயமான கல்யாணம் நின்றுபோய், வேலை முடிந்தால் வீடு, வீடு விட்டால் வேலை என்று அவள் சுருண்டு கிடந்த காலம். தங்கச்சி ஆசையாக வாங்கி இரண்டே நாளில் அலுத்துப்போன விளையாட்டு ஸ்டியரிங் ஒன்று வீட்டில் சும்மா கிடந்தது. பொழுதுபோகாமல் ஆன்லைன் கார் ரேஸ் லீக் ஒன்றில் சேர்ந்தாள். இருபது பேரில் இருபதாவதாக வந்தாள். 'நத்தை' என்று யாரோ பெயர் வைத்தார்கள். வேறு பெயர் வைத்து மட்டும் என்ன வாழ்ந்துவிடப் போகிறது என்று அதையே வைத்துக்கொண்டாள். இனி வரமாட்டேன் என்று அவள் எழுதிவிட்டுக் கிளம்பியபோது, கொக்கு என்ற ஒருவர் மட்டும் பதில் எழுதினார். 'நாளைக்கு ஆறு மணிக்கு வாங்க. என் பின்னாடியே வந்தாப் போதும்.'

போனாள். முன்னால் ஒரு சிவப்புக் கார், அவளுக்காக வேகத்தைக் குறைத்து, எங்கே பிரேக் போட வேண்டும், எங்கே திரும்ப வேண்டும் என்று ஓட்டியே காட்டியது. இவள் புல்லில் புரண்டால் அது நின்று காத்திருந்தது. இப்படியே மூன்று மாதம், தினமும் ஆறு மணிக்கு. பேச்சு கிடையாது, எழுத்து மட்டும்தான். முதலில் டயரைப் பற்றி... பிறகு மழையைப் பற்றி... பிறகு அவள் ஏன் சரியாகச் சாப்பிடவில்லை என்பதைப் பற்றி. நிஜப் பெயரையும் முகத்தையும் கேட்பது அந்த லீக்கில் வழக்கமில்லை. அவளும் கேட்கவில்லை. ஆனால் மறுபடி சிரிக்க ஆரம்பித்தது அந்தச் சிவப்புக் காரின் பின்னால்தான் என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

அந்தக் கொக்குதான், அவள் வாழ்க்கையிலேயே முதன்முறையாக மூன்றாவது இடத்தில் ஓடிக்கொண்டிருந்தபோது, பின்னால் வந்து இடித்துத் தூக்கி எறிந்தது!

"யாரை... இடிச்சீங்க?" கேட்டிருக்கக் கூடாது. கேட்டுவிட்டாள்.

"நத்தைன்னு ஒருத்தங்க. வேணும்னே இடிச்சேன்னு புகார் குடுத்துட்டாங்க."

"நீங்க இல்லைன்னு எழுதலையா?"

"தப்பு என்னோடதுன்னு எழுதினேன். வேணும்னு செஞ்சா என்ன, தெரியாம செஞ்சா என்னங்க? அவங்களுக்குப் போன எடம் போனதுதானே..."

"வியாழக்கிழமை தீர்ப்பாம்" என்றாள் அக்கா. அவள் குரலில் இப்போது கிண்டல் இல்லை. "வேணும்னு இடிச்சதா முடிவானா ஒரு வருஷம் சேத்துக்க மாட்டாங்களாம். விளையாட்டுதானேன்னு நானும் திட்டுவேன். ஆனா எங்கப்பா போனதுக்கப்புறம் இவன் கூட்டை விட்டு வெளிய வந்தது அதாலதாம்மா."

அவள் வில்லையை மாற்றினாள். மூச்சுப் படுகிற தூரத்தில் குனிந்து சட்டத்தைச் சரிசெய்தாள்.

"இப்ப?"

"அட... கடைசி வரி வரைக்கும் தெரியுதே!" அவள் சன்னல் திரையை விலக்கினாள். அவன் அந்தப் பக்கம் திரும்பினான். "அக்கா, அந்த மரத்துல இலையெல்லாம் தனித்தனியா இருக்கு!"

"மரம்னா அப்படித்தான்டா இருக்கும்."

அவன் வாயெல்லாம் பல்லாக அவளைப் பார்த்தான். "ரொம்ப நன்றிங்க. கண்ணே குடுத்த மாதிரி இருக்கு." நன்றி சொல்ல வேண்டியவள் அவள், வாங்கிக்கொள்கிறவளும் அவளா...

அன்று மாலை லீக்கின் தீர்ப்புகளைச் சொல்கிறவருக்கு எழுதினாள். எல்லோரும் அவரை நாட்டாமை என்றுதான் கூப்பிடுவார்கள். புகாரைத் திரும்பப் பெறுகிறேன் என்றாள். காரணம் எழுதாமல் திரும்பப் பெற முடியாது, எல்லோரும் படிக்கிற அறிவிப்புப் பலகையில் எழுத வேண்டும் என்று பதில் வந்தது.

காரணமா? அவருக்குக் கண் தெரியவில்லை என்று ஒரு வரி போட்டால் முடிந்தது. ஆனால் இருட்டறையில் தெரிந்துகொண்டதை வெளியில் சொல்வதற்கு அவளுக்கு உரிமை இல்லை. அது அவளுடைய தொழில். அப்படியானால் நான் பார்த்தது தப்பு என்று தன் வாயாலேயே சொல்ல வேண்டும். இருபது பேருக்கு முன்னால்... இருபதாவது இடத்திலிருந்து அங்குலம் அங்குலமாக ஏறி வந்தவளுக்கு அது லேசில்லை.

என்ன எழுதுவது என்று தெரியாமல் அந்த ரேஸின் பதிவைத் திறந்தாள். பத்து முறை பார்த்ததுதான். ஆனால் பத்து முறையும் அவள் காரிலிருந்து பார்த்தது. இந்த முறை அவன் காரிலிருந்து பார்த்தாள். இடி... சுழற்சி... அவள் கார் சுவரோரம் நிற்கிறது. அந்த நொடியில்தான் அவள் ஆத்திரத்தில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு எழுந்து போயிருந்தாள். அவள் கார் திரையிலிருந்து மறைந்தது.

சிவப்புக் கார் போகவில்லை.

இடித்தவன் காத்திருந்து, இடிபட்டவரை முன்னால் அனுப்பிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும் என்பது அந்த லீக்கில் மரியாதை. அவன் காத்திருந்தான். ஒரு சுற்று... இரண்டு சுற்று... மற்ற கார்களெல்லாம் விர்ரென்று கடந்து போயின. மீதி ஆறு சுற்றும், ரேஸ் முடிகிற வரைக்கும், அவள் இல்லாத அந்த வெற்றிடத்துக்குப் பக்கத்தில் அவன் கார் நின்றுகொண்டே இருந்தது. நாட்டாமையின் விசாரணை இடிக்கு முன்னும் பின்னும் பத்து விநாடியோடு முடிந்துவிடும். அதனால் இதை யாருமே பார்த்திருக்கவில்லை.

அவள் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அழுது முடித்து எழுதினாள்.

'வேணும்னே என்று நான் எழுதியது என் கோபம். கண்ணால் கண்டதல்ல. இடித்த பிறகு அவர் எனக்காக ஆறு சுற்று நின்றிருக்கிறார். போய்ப் பாருங்கள். தப்பு செய்தது நான். மன்னிக்க வேண்டும்.'

நத்தை கொம்பை உள்ளே இழுத்துக்கொண்டது என்று நாலு பேர் கேலி செய்தார்கள். செய்துவிட்டுப் போகட்டும்!

வெள்ளிக்கிழமை மதியம் கண்ணாடி வாங்க அவன் தனியாக வந்தான். மழை விட்டிருந்தது. கதவிலிருந்தே சிரிப்பு.

"தீர்ப்பு வந்துருச்சுங்க! நாளைக்குக் கடைசி ரேஸ், நான் ஓட்டலாம். அந்த நத்தையே எனக்காக எழுதிட்டாங்க. நேர்ல பாத்தா கையெடுத்துக் கும்பிடணும் போல இருக்கு. யாரு, எங்க இருக்காங்கன்னுதான் தெரியல."

கண்ணாடியை அவன் காதில் பொருத்திக்கொண்டிருந்தவள் கையை எடுத்தாள். இப்போது சொல்லாவிட்டால் இனி எப்போதும் சொல்ல முடியாது.

"கும்பிட வேணாம். நாந்தான் அது."

அவன் சிரித்தான். பிறகு சிரிப்பு நின்றது. புதுக் கண்ணாடிக்குப் பின்னால் அந்தக் கண்கள் அவள் முகத்தில் எதையோ தேடின.

"அப்ப... அன்னிக்கே தெரியுமா? பாவம் பாத்து எழுதினீங்களா?"

"பாவமா? ஆறு சுத்து நின்னவருக்கு நான் யாரு பாவம் பாக்க?" அவள் குரல் உடைந்தது. "வேற யாரு இடிச்சிருந்தாலும் நாலு திட்டு திட்டிட்டு விட்டிருப்பேன். நீங்கன்னதும்தான் தாங்க முடியல. என்னைத் தூக்கி விட்ட கையே தள்ளிடுச்சேன்னு... அவ்வளவு கோபம் ஏன் வந்துச்சுன்னு அப்புறம்தான் புரிஞ்சுது."

"என்ன புரிஞ்சுது?"

"உங்களுக்குக் கண்ணு மட்டும்தான் சரியில்லன்னு நெனச்சேன்... மண்டைக்கும் ஏறாதா? உங்களைப் பிடிச்சிருக்கு. போதுமா?"

அவன் முகத்தில் லிஃப்டில் மாட்டிக்கொண்டவன் போல ஒரு முழி. பிறகு தலையைச் சொறிந்துகொண்டு, தரையைப் பார்த்து, மெதுவாகச் சொன்னான்.

"நானும் ஒரு உண்மைய சொல்லிடறேன். நீங்க ஒரே வாரத்துல நல்லா ஓட்டக் கத்துக்கிட்டீங்க. அதுக்கப்புறம் என் பின்னாடி வரவேண்டிய அவசியமே இல்ல. நான்தான் சொல்லல. மூணு மாசம்... ஆறு மணிக்கு நீங்க வந்து என் கார் கண்ணாடியில தெரியணும்னுதான் முன்னாடி ஓட்டிக்கிட்டிருந்தேன்."

அவள் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. சிரிப்பும் வந்தது. கடைக்கு அடுத்து வந்தவர் பொறுமை இழந்து இரண்டு முறை இருமியும் அவள் காதில் விழவில்லை.

"நன்றி" என்றாள்.

"எதுக்கு, ஓட்டக் கத்துக் குடுத்ததுக்கா?"

"அது ஒரு வாரம்தானே. மீதி நாளுக்கு."