ஒன்றரைக் கட்டை கீழே ஒரு கொலை

போன் அலறியது.

காலை ஏழு மணி. கிள்ளான் வீட்டில் சிவமலர் எடுத்தாள். பேசியது போலீஸ்.

பிரிக்ஃபீல்ட்ஸில் அவளுக்குக் கம்ப்யூட்டர் இசை கற்றுக்கொடுத்த கார்த்திகேசு மாஸ்டர் கொலை. லாக்கப்பில் அவளுடைய அண்ணன் கனகலிங்கம்!

மாலை வகுப்பு முடிந்து தங்கை தாமதமாக வருகிறாள் என்று சண்டை போட, அண்ணன் நேற்றுச் சாயங்காலம் 6.50க்கு மாஸ்டர் வீட்டுக்குப் போயிருக்கிறான். கதவைத் தட்டினேன், யாரும் திறக்கவில்லை, திரும்பிவிட்டேன் என்கிறான். நம்பத்தான் ஆளில்லை.

போலீஸ் வரச்சொன்னபடி எட்டரைக்கு அவள் மாஸ்டர் வீட்டில் இருந்தாள்.

இசை அறை. கம்ப்யூட்டர். கீபோர்டு. தரையில் காய்ந்த ரத்தம். பின்மண்டையில் அடித்த இரும்பு மைக் ஸ்டாண்டைப் போலீஸ் எடுத்துப் போயிருந்தது.

ஹாலில் மாஸ்டரின் மனைவி பூரணம். அழுது ஓய்ந்த முகம்.

இன்ஸ்பெக்டர் இராமலிங்கம் சுருக்கமாகச் சொன்னார். பூரணம் கோயிலுக்குக் கிளம்பியது 6.40க்கு. அப்போது மாஸ்டர் ஒரு பாட்டைக் கம்ப்யூட்டரில் சேமித்துக்கொண்டிருந்தாராம். கம்ப்யூட்டரும் அதே நேரத்தைக் காட்டுகிறது. அடுத்த பத்தாவது நிமிடம் கனகலிங்கம்...

"கடைசியா மாஸ்டர் என்ன செஞ்சார்னு ஓபன் பண்ணிக் காட்டும்மா. எங்க ஸ்டேஷன்ல இந்த சாஃப்ட்வேர் ஒருத்தனுக்கும் தெரியாது லா."

சிவமலர் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தாள். கற்க ஆரம்பித்து மூன்றே மாதம். எதையும் இரண்டு தடவை சரிபார்க்காமல் நம்பமாட்டாள்... தன்னையும் சேர்த்து.

பாட்டு ஒலித்தது. பிறந்த ஏழாம் நாளே போய்விட்ட மகளுக்காகப் பூரணம் எழுதிய தாலாட்டு. அதன் நடுவே...

சட். சட். சட்.

கைதட்டல்!

மறுபடி போட்டாள். மறுபடியும் கைதட்டல்.

"சார்... இது மாஸ்டர் செஞ்சதில்ல."

"எப்படிச் சொல்றே?"

"பாட்டோட சுருதிய ஒன்றரைக் கட்டை இறக்கியிருக்காங்க. வீணை, குழல் எல்லாத்தையும் இறக்கலாம். டிரம்ஸ மட்டும் தொடக்கூடாது. அதுல ஒவ்வொரு சுரமும் ஒரு வாத்தியம். சேர்த்து இறக்கினா சிம்பல் தட்டு சத்தம் இருந்த எடத்துல கைதட்டல் வந்துடும்."

"மறந்திருப்பார்."

"மொத வாரம் நான் இந்தத் தப்பு பண்ணேன். மாஸ்டர் ஒரு மணி நேரம் சிரிச்சார். இது புதுசா கத்துக்கறவங்க பண்ற தப்பு சார்."

அவர் கண்கள் சுருங்கின. "புதுசா கத்துக்கறது நீதானே?"

நேற்று ஏழு மணிவரை கிள்ளான் ஆபீஸில் இருந்ததைச் சொன்னாள். பத்துப் பேர் சாட்சி.

அப்படியானால் 6.40க்குக் கம்ப்யூட்டர் முன்னால் இருந்தது வேறு ஆள். மாஸ்டர்தான் என்று சொன்னது ஒரே ஒருவர்... வகுப்புதோறும் மாஸ்டருக்குப் பின்னால் உட்கார்ந்து திரையைப் பார்த்துக்கொண்டிருந்த பூரணம்!

பூரணம் மறுக்கவில்லை. தொண்டை ஆபரேஷனுக்குப் பிறகு மேல் சுருதி அவளுக்கு எட்டவில்லை. இறக்கித் தரச் சொல்லி ஒரு மாதமாகக் கெஞ்சியிருக்கிறாள்.

"நேத்தும் கேட்டேன். 'பாக்கலாம்'னார். திரும்பிக்கூட பாக்கல. ஸ்டாண்ட எடுத்தேன்... அப்புறம் நானே இறக்கினேன். பக்கத்துல உக்காந்து பாடினேன். எட்டுச்சும்மா." சிவமலரைப் பார்த்தாள். "உங்கண்ணன் வருவான்னு சத்தியமா எனக்குத் தெரியாது."

அண்ணனை விடச் சொல்லி இன்ஸ்பெக்டர் ஸ்டேஷனுக்குப் போன் செய்தார். சிவமலருக்கு மகிழ்ச்சி வரவில்லை.

அணைப்பதற்கு முன் பழக்கதோஷத்தில் மற்ற பாட்டுகளின் பட்டியலையும் ஒருமுறை சரிபார்த்தாள். முந்தாநாள் தேதியில் இன்னொன்று. பூரணத்தின் பெயரில்.

திறந்தாள். அதே தாலாட்டு. ஒன்றரைக் கட்டை கீழே. ஒரு பிசிறில்லை. கடைசி வரிக்கு மட்டும் மெருகு பாக்கி.

"ஆன்டி... மாஸ்டர் முந்தாநாளே உங்களுக்காக இறக்கி வச்சிருக்கார்."

பூரணம் கடைசி வரி வரை கேட்டாள். விலங்கு மாட்டிய கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அவர் எப்பவும் அப்படித்தாம்மா. முழுசா முடிச்சிட்டுத்தான் வாயே திறப்பார். இந்தத் தடவ நான் முந்திக்கிட்டேன்."