பூனைக்காரரின் கடைசிப் படம்

பூனைக்காரரைப் போல அத்தனை படம் எடுத்தவர் அந்த மலையடிவார ஊரில் யாரும் இல்லை. ஆனால் அவர் வீட்டில், அவருடைய முகம் சரியாகத் தெரிகிற படம் ஒன்றுகூட இல்லை. அவர் மகள் சுண்டெலிக்கு அது ஒரு பெரிய குறை.

வீட்டில் இருந்த ஒரே கல்யாணப் படத்தில் அவர் தும்மிக்கொண்டிருந்தார். பள்ளிக்கூட விழாவில் எடுத்த படத்தில் யாரோ ஒருவருடைய தோள் அவரைப் பாதி மறைத்துவிட்டது. மற்ற நேரமெல்லாம் அவர் கேமராவுக்குப் பின்னாலேயே நின்றார்.

பனிச்சிறுத்தைகளைத் தேடிப் போவதுதான் அவருடைய வேலை. அது லேசுப்பட்ட வேலை இல்லை. பனிச்சிறுத்தை சாம்பல் நிறத்தில் கல்லோடு கல்லாகப் படுத்திருக்கும். நாம் அதைப் பார்ப்பதற்குள் அது நம்மைப் பார்த்துவிட்டுப் போய்விடும். அதனால் பூனைக்காரர், அவை நடமாடும் பாறைகளுக்குப் பக்கத்தில் சின்னச் சின்னக் கேமராப் பெட்டிகளை வைத்துவிட்டு வருவார். எதிரே ஏதாவது பிராணி அசைந்தால் போதும், பெட்டி தானாகவே படம் எடுத்துக்கொள்ளும்.

பெட்டியை வைத்தவுடன் ஒரு சோதனை செய்ய வேண்டும். பூனையின் உயரத்தில் போனால் படம் விழுகிறதா என்று பார்க்க வேண்டும். மனிதன் அந்த உயரத்தில் எப்படிப் போவது? தவழ வேண்டியதுதான்! பூனைக்காரர் கையையும் காலையும் ஊன்றிப் பெட்டிக்கு முன்னால் தவழ்வார். ஆகவே எந்தப் பெட்டியைத் திறந்தாலும் முதல் படம் அவருடையதாகவே இருக்கும்.

அப்படியென்றால் அந்தப் படங்கள் எல்லாம் எங்கே போயின? அதுதான் வயிற்றெரிச்சல். பெட்டிகள் திரும்பி வந்ததும், பனிச்சிறுத்தைகளைக் கணக்கெடுக்கிற அலுவலகத்துக் கணினியில் படங்களைப் பிரித்து வைப்பது சுண்டெலியின் அம்மா. சோதனைப் படங்கள் வெறுமனே இடத்தை அடைக்கும் என்று அவற்றை முதலில் அழித்துவிடுவது அங்கே வழக்கம். அம்மாவும் வருஷக்கணக்காக அழித்துவந்தாள்.

"பார்க்கத்தான் நீங்க வீட்டுலயே இருக்கீங்களே, படம் வேற எதுக்கு?" என்று அம்மா சிரிப்பாள்.

போன குளிர்காலத்தில் பூனைக்காரருக்குக் காய்ச்சல் வந்தது. சாலையெல்லாம் பனி மூடியிருந்தது. டாக்டர் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அதன்பிறகு அம்மா சிரிப்பதை விட்டுவிட்டாள். சமையலறையில் குழாய் சொட்டுகிற சத்தம்கூட எல்லா அறைகளிலும் கேட்டது.

மலையில் ஒரே ஒரு பெட்டி மட்டும் பாக்கி இருந்தது. பூனைக்காரர் கடைசியாகப் பாறை மேட்டில் வைத்துவிட்டு வந்த பெட்டி. கிளம்பும்போது அவர் சுண்டெலியின் காதோடு ஒன்று சொல்லியிருந்தார்.

"இந்தத் தடவை உனக்காக ஒரு மூஞ்சி காட்டிட்டு வர்றேன். படம் வந்ததும் பாரு."

"என்ன மூஞ்சிப்பா?"

"இப்பவே சொல்லிட்டா அப்புறம் என்ன இருக்கு?"

திரும்பி வந்தபோது அவர் காதோரமெல்லாம் கரி. "குளிக்காம கொள்ளாம இப்படியா வர்றது?" என்று அம்மா திட்டினாள். அவர் சுண்டெலியைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டுக் குளிக்கப் போனார்.

இப்போது சுண்டெலிக்கு ஒரு பயம் வந்திருந்தது. அப்பாவின் குரல் நினைவிருந்தது. கம்பளிச் சட்டையின் வாசனை நினைவிருந்தது. ஆனால் அவர் சிரிக்கும்போது முகம் எப்படி இருக்கும் என்பது கொஞ்சம் கொஞ்சமாக நழுவிக்கொண்டே போனது. இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

பனி உருகிக் கோடை வந்தது. பள்ளிக்கு விடுமுறை விட்டதும், பெட்டியை எடுத்துவர அம்மா கிளம்பினாள். சுண்டெலியும் கூடப் போனாள். துணைக்கு அம்மாவின் தம்பி வந்தார். சுண்டெலியின் இந்த மாமா கழுதையில் சுமை ஏற்றி மலைக்குக் கொண்டுபோகிறவர். அவருடைய கழுதைக்கு மகாராணி என்று பெயர். அது நினைத்தால் நடக்கும், நினைத்தால் நிற்கும்.

"மகாராணி, உன் கால்ல வேணும்னாலும் விழறேன், நட!" என்று மாமா கெஞ்சினார். கழுதை காதை ஆட்டியது. அம்மாவோ திரும்பிக்கூடப் பார்க்காமல் விறுவிறுவென்று போய்க்கொண்டே இருந்தாள்.

மரங்கள் முடிந்து புதர்கள் வந்தன. புதர்களும் முடிந்து வெறும் கல் வந்தது. இரவு கூடாரத்தில் தங்கி, காலையில் மறுபடி ஏறினார்கள். வானம் சாம்பல் பூசினாற்போல இருந்தது.

கடைசியில் பாறை மேட்டுக்கு எதிர்ச் சரிவுக்கு வந்து சேர்ந்தார்கள். நடுவே ஒரு பள்ளத்தாக்கு. அடியில் ஆறு இரைந்துகொண்டு ஓடியது.

"அக்கா, மேகம் கறுத்துக்கிட்டு வருது. மழை ஆரம்பிச்சா இந்த மேடு சும்மா இருக்காது. கல்லு உருளும்" என்றார் மாமா.

"அதுக்குள்ள எடுத்துடலாம்" என்றாள் அம்மா.

"கொஞ்சம் பொறும்மா. அப்பா இங்க உக்காந்து நல்லாப் பாத்துட்டுத்தான் அந்தப் பக்கம் போவாரு" என்று சொல்லிவிட்டுச் சுண்டெலி அப்பாவின் தொலைநோக்கியைக் கண்ணில் வைத்தாள்.

முதலில் கல், கல், வெறும் கல். அப்புறம் ஒரு பெரிய பாறையின் காலடியில் சின்னதாக ஒரு பழுப்புப் பெட்டி! அப்பா அதற்குள்தான் இருக்கிறார்.

"என்ன தெரியுது?" என்று அம்மா கேட்டாள்.

"பெட்டி தெரியுதும்மா!"

அப்போது பெட்டிக்குச் சற்று மேலே ஒரு கல் அசைந்தது. கல்லுக்கு வால் இருந்தது. நீளமான, தடித்த வால். பாறைப் பிளவின் வாயில் பனிச்சிறுத்தை படுத்திருந்தது. அதன் வயிற்றோடு ஒட்டிக்கொண்டு பூனைக்குட்டி அளவில் இரண்டு உருண்டைகள் நெளிந்தன. ஒரு குட்டி தாயின் முதுகில் ஏறப் பார்த்துச் சரிந்து விழுந்தது.

சுண்டெலி வாயைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டாள்.

குட்டி இருக்கிற இடத்துக்குப் போகவே கூடாது. அப்பா ஆயிரம் தடவை சொன்னது. ஆள் வந்தது தெரிந்தால் தாய் அங்கே தங்காது. குட்டிகளை ஒவ்வொன்றாக வாயில் கவ்விக்கொண்டு வேறு இடம் தேடிப் போய்விடும். ஒன்றைத் தூக்கிக்கொண்டு போகும்போது மற்றதைக் கழுகு கொத்தினால்? வழுக்குப் பாறையில் தவறி ஆற்றில் விழுந்தால்?

ஆனால் சொன்னால் பெட்டி கிடைக்காது. நான் ஒன்றும் பார்க்கவில்லை என்று இருந்துவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது?

அம்மா சரிவில் இறங்க ஆரம்பித்திருந்தாள். சுண்டெலி மறுபடி தொலைநோக்கியில் பார்த்தாள். விழுந்த குட்டி திரும்பவும் ஏறிக்கொண்டிருந்தது. இந்தத் தடவை முதுகின் உச்சிக்கே போய்விட்டது.

சுண்டெலி ஓடிப்போய் அம்மாவின் கோட்டைப் பிடித்து இழுத்தாள்.

"போகாதம்மா. அங்க குட்டி இருக்கு. முதல்லயே பாத்துட்டேன். சொல்லாம இருந்துட்டேன்."

அம்மா தொலைநோக்கியை வாங்கி நெடுநேரம் பார்த்தாள்.

"நீ இங்கயே இரு. நான் மட்டும் ஓசைப்படாம போய் எடுத்துட்டு வந்துடறேன்."

"அதுக்குத் தெரியாம போக முடியாதும்மா. அப்பாவாலயே முடிஞ்சதில்ல."

"ஒரே ஒரு நிமிஷம்டி!"

"அதுவும் அம்மாதாம்மா. பயந்துடும்."

அம்மா அப்படியே கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டாள். "எத்தனை படம்... ஒவ்வொண்ணா நான்தானே அழிச்சேன். ஒண்ணே ஒண்ணை எடுத்து வெச்சிருக்கக்கூடாதா? எனக்கு அவர் முகமே மறந்துடும் போல இருக்கு" என்று சொல்லி விம்மி விம்மி அழுதாள்.

தனக்கு மட்டும்தான் அந்தப் பயம் என்று சுண்டெலி இதுவரை நினைத்திருந்தாள். அவள் அம்மாவை நெருங்கி உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பெட்டிக்குள்ள பத்திரமாத்தான் இருப்பாரும்மா. குட்டி பெருசானதும் அதுங்களே வேற எடத்துக்குப் போயிடும். அப்ப வரலாம்" என்றாள். சொல்லும்போதே மழைமேகத்தைப் பார்த்தாள். அவளுக்கே அந்த நம்பிக்கை இல்லை.

மாமா மூக்கை உறிஞ்சிக்கொண்டு கழுதையைத் திருப்பினார். அன்றைக்கு மகாராணி ஒரு சண்டித்தனமும் செய்யவில்லை.

அந்த வருஷம் மழை கொட்டோ கொட்டென்று கொட்டியது. எங்கேயோ மலை சரிகிற சத்தம் கேட்கும்போதெல்லாம் வகுப்பில் சுண்டெலியின் பென்சில் நின்றுவிடும். வீட்டில் அவள் அப்பாவின் முகத்தை வரைந்து பார்த்தாள். காது வந்தது. மூக்கும் வந்தது. சிரிப்பு மட்டும் எத்தனை முறை அழித்து வரைந்தாலும் வரவில்லை.

மழை ஓய்ந்து வெயில் தலைகாட்டியதும் மூன்று பேரும் மறுபடி மலையேறினார்கள். எதிர்ச் சரிவிலிருந்து சுண்டெலி தொலைநோக்கியில் பார்த்தாள். பாறை மேட்டில் பாதியைக் காணோம். பெட்டி இருந்த இடத்தில் கற்கள் குவிந்து கிடந்தன. பிளவு மட்டும் மேலே அப்படியே இருந்தது. அதில் யாரும் இல்லை.

"போயிடுச்சுங்க" என்றாள் சுண்டெலி. குட்டிகளைத்தான் சொன்னாள்.

அன்று போக விட்டிருந்தால் பெட்டி கிடைத்திருக்குமே என்று அம்மா ஒரு வார்த்தை சொல்லவில்லை. பள்ளத்தைத் தாண்டிப் போய் மூவரும் கற்களைப் புரட்ட ஆரம்பித்தார்கள். மாமா கல்லைத் திட்டினார், மலையைத் திட்டினார், கடைசியில் தன் இடுப்பையே திட்டினார். சூரியன் மேற்கே சாய்ந்துவிட்டது.

"கிளம்பலாம்" என்று அம்மா மெல்லச் சொன்னாள்.

அப்போது இரண்டு பெரிய கற்களுக்கு நடுவே, பெட்டியைக் கட்டியிருந்த கறுப்புப் பட்டையின் நுனி சுண்டெலியின் கண்ணில் பட்டது. மாமாவின் கை அந்த இடுக்கில் நுழையவில்லை. சுண்டெலி கையையும் காலையும் ஊன்றித் தவழ்ந்து உள்ளே போனாள். வெளியே வரும்போது அவள் மார்போடு அணைத்திருந்த பெட்டியில் கண்ணாடி உடைந்திருந்தது. ஒரு பக்கம் நசுங்கியும் இருந்தது.

"உள்ள படம் பதிஞ்சிருக்கிற கார்டு நல்லா இருக்கணுமே" என்றார் மாமா.

அலுவலகத்துக்குத் திரும்பிய அன்று மாமா கழுதையை வாசலிலேயே கட்டிவிட்டு உள்ளே வந்தார். அந்த அறையின் ஒரு சுவர் முழுக்கப் பனிச்சிறுத்தைகளின் படங்கள் ஒட்டியிருந்தன. ஒவ்வொன்றுக்கும் உடம்புப் புள்ளி வேறு வேறு மாதிரி இருக்கும். எது எந்தப் பூனை என்று அதை வைத்துத்தான் கண்டுபிடிப்பார்கள்.

அம்மா கார்டைத் துடைத்துக் கணினியில் போட்டாள். திரை கறுப்பாகவே இருந்தது. மூவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். கணினி ஏதோ முனகியது. பிறகு படம் வந்தது.

பூனைக்காரர் நாலு காலில் தவழ்ந்துகொண்டிருந்தார். தேநீர்க் கெட்டிலின் அடியில் இருந்த கரியைத் தொட்டு மூக்கு நுனியில் ஒரு பொட்டு வைத்திருந்தார். இரண்டு கன்னத்திலும் காது வரைக்கும் கோடு கோடாகப் பூனை மீசை! முன்பற்களுக்கு நடுவே இருந்த சந்து தெரிய, கேமராவைப் பார்த்து வாய் நிறையச் சிரித்துக்கொண்டிருந்தார்.

அதுதான் அந்தச் சிரிப்பு. சுண்டெலிக்கு எல்லாம் நினைவு வந்துவிட்டது.

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவளை அறியாமலே அவள் விரல், வழக்கப்படி, அழிக்கிற பொத்தானுக்குப் போனது.

"அம்மா!" என்று அலறிச் சுண்டெலி அந்த விரலைப் பிடித்துக்கொண்டாள்.

"ஐயோ, பழக்கதோஷம்டி!" அம்மா கையை எடுத்து மடிக்குள் வைத்துக்கொண்டாள். "அன்னைக்குக் காதோரமெல்லாம் கரியோட வந்தாரே. நான் வேற அந்தத் திட்டு திட்டினேனே!"

அடுத்தடுத்த படங்கள் வந்தன. பூனைக்காரர் தவழ்ந்த இடத்தைப் பனிச்சிறுத்தை மோந்து பார்த்தது. பிறகு குளிர்காலம் முழுக்க அந்த வழியாகவே போய் வந்தது. கடைசிப் படத்தில், மழைக்கு நடுவே, ஓரளவு வளர்ந்த குட்டிகள் இரண்டும் தாயின் பின்னால் நடந்து போய்க்கொண்டிருந்தன.

அம்மா முதல் படத்தைப் பெரிதாக அச்செடுத்தாள். வீட்டுக்கு ஒன்று, இங்கே ஒன்று. சுண்டெலி நாற்காலி மேல் ஏறி, சுவரில் பனிச்சிறுத்தைகளுக்கு நடுவே அதை ஒட்டினாள்.

மாமா பக்கத்தில் போய், கண்ணைச் சுருக்கிக்கொண்டு உற்றுப் பார்த்தார்.

"புள்ளி ஒண்ணுகூட இல்லையே, அக்கா. இந்தப் பூனையை எப்படி அடையாளம் கண்டுபிடிக்கிறது?"

"பல்லுக்கு நடுவுல இருக்கிற சந்தை வெச்சுத்தான்!" என்றாள் அம்மா. சொல்லிவிட்டு அவளே சிரிக்க ஆரம்பித்தாள். வாசலில் நின்ற மகாராணி காதைத் திருப்பிப் பார்க்கிற அளவுக்கு அவள் சத்தம் போட்டுச் சிரித்தாள்.