‘முடியல’ என்ற குரல்

அம்மா மீன் வாங்க ஈரச்சந்தைக்குப் போயிருந்த காலையில், சிங்கப்பூரின் ஈசூன் வட்டார வீட்டுக்குள் யாரோ “முடியல” என்றார்கள். அனுப்ரியா அறை அறையாகப் பார்த்தாள். யாருமில்லை. கீழ்மாடியில் யாரோ மீன் பொரித்த புகை சன்னல் வழியாக ஏறி வந்து கண்ணை எரித்தது. வாசம் மட்டும் வரவில்லை.

மூன்று வாரமாக அந்தக் குரல். பாத்திரம் கழுவும் சத்தத்துக்கு அடியில், பக்கத்து அறையிலிருந்து, சில சமயம் காதுக்கு வெகு அருகில், தேய்ந்துபோன பெண்குரல். அம்மா வெளியே போயிருந்த காலையைக் கணக்கில் சேர்க்காமல், அம்மாவுடையதுதான் என்று முடிவு செய்தாள். குழம்பில் உப்பே இல்லை என்று அனுப்ரியா தட்டைத் தள்ளியபோதும், உப்பு சரியாகத்தான் இருக்கிறது என்று அம்மா சந்திரமதி முனகினாள். குடும்பத்தின் முதல் பட்டதாரியான அவளுக்கு, அம்மாவுக்கு வந்திருப்பது என்ன நோய் என்று தெரியாதா? அழுதால்தான் மனச்சோர்வு என்று எந்த மடையன் சொன்னான்? டாக்டரிடம் போகலாம் என்றதும் அம்மா உடனே ஒப்புக்கொண்டாள். அதுவே விசித்திரம்.

தேக்காவில் பூக்கடைக்கு மேல்மாடியில் கிளினிக். படியருகே மல்லிகை குவிந்திருந்தது. வாசமே இல்லை. பிளாஸ்டிக் பூவா? தொட்டாள். ஈரம்.

சீன டாக்டர் ஆங்கிலத்தில் கேட்டார். ஏழு வயதிலிருந்து வீட்டுக்கு வரும் கடிதமெல்லாம் அம்மாவுக்கு மொழிபெயர்த்தவள் இதையும் மொழிபெயர்த்தாள். தூக்கம் கலைகிறதா? சும்மா எரிச்சல் வருகிறதா? காரணமில்லாமல் உடம்பு வலிக்கிறதா? குளிக்கக்கூட அலுப்பாக இருக்கிறதா?

ஒவ்வொன்றுக்கும் சந்திரமதி தலையாட்டி மறுத்தாள். பார்வை மட்டும் மகளைவிட்டு நகரவில்லை.

“பொய் சொல்லாதீங்கம்மா. முடியல முடியலன்னு நீங்கதானே பொலம்புறீங்க?”

“நான் இல்லடி. நீ. தூங்கும்போது சொல்ற, முழிச்சிருக்கும்போதும் சொல்ற. உனக்குத்தான் கேக்கல. உனக்குன்னு கூப்டா வருவியா? அதான் எனக்குன்னு வந்தேன்.”

அம்மா என்ன சொன்னார் என்று டாக்டர் கேட்டார்.

அனுப்ரியா அதை மட்டும் மொழிபெயர்க்கவில்லை.

சந்திரமதி கைப்பையை மேசையில் கவிழ்த்தாள். சாவிகள். பதினோராவது மாடி வீட்டின் சன்னல் கம்பிக் கதவுகளைப் பூட்டும் கிரில் சாவிகள், சிவப்பு நூல் கட்டியவை. படுக்கையறை இரண்டு. சமையலறை ஒன்று.

“எல்லா சன்னலையும் பூட்டி எடுத்துட்டு வந்துட்டேன். ஹால் சாவிய மட்டும் மூணு நாளா காணோம்.”

வலது உள்ளங்கை வலித்தது. அனுப்ரியா குனிந்து பார்த்தாள். விரல்கள் இறுக மூடியிருந்தன. எப்போது மூடினாள்? ஒவ்வொன்றாகப் பிரித்தாள்.

சிவப்பு நூல்.