ஏழு எல்இடி, ஏழு படி

எதிலும் இணைக்காத கம்பி அது. நுனி மேஜை விளிம்பில் சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. ஆனாலும் முதல் எல்இடி எரிந்தது.

அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மேலே இருக்கும் தொட்டியில் எவ்வளவு தண்ணீர் என்று கீழேயிருந்தே பார்க்க ஒரு சின்ன சர்க்யூட். கம்பி வழியே வரும் வோல்ட்டேஜ் ஏற ஏற, அதை ஒன்று, இரண்டு என்று எண்ணாக்கி ஏழு எல்இடிகளை வரிசையாக எரிய வைக்கும், அவ்வளவுதான். ஒவ்வோர் அளவையும் அவளும் அண்ணனும் 'படி' என்றுதான் சொல்வார்கள். ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருக்கிற அண்ணன், காலையில் போனில் படத்தைப் பார்த்ததுமே கிண்டலடித்திருந்தான்.

"பேட்டரியிலேருந்து நேரா அளவு எடுத்திருக்கியே, அறிவுக்கொழுந்து. பேட்டரி இறங்க இறங்க உன் படியெல்லாம் குட்டையாயிடும், துளி வோல்ட்டேஜுக்கே எல்லாம் எரியும்."

அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தாள். காய்ச்சலில் கிடக்கும் மகள் மாடியறையில் கண்ணயர்ந்த இந்த மத்தியானம்தான் கைக்குக் கிடைத்த நேரம்.

மழை விட்டிருந்தது. கரண்ட் இல்லாத வீட்டில் சாலிடர் புகையின் பிசின் வாடையும் நனைந்த சுவரின் வாடையும் ஒன்றாகக் கலந்து நிற்க, வெளியே எங்கோ தகரத்தில் சொட்டும் தண்ணீரை அவள் தன்னையறியாமல் எண்ணிக்கொண்டிருந்தபோது, இரண்டாவது எல்இடி எரிந்தது. அதே நொடியில் மாடிப்படியில் ஒரு பலகை முனகியது.

எட்டிப் பார்த்தாள். யாரும் இல்லை. திரும்பினாள். மூன்று. மறுபடியும் முனகல், இன்னும் கொஞ்சம் மேலே.

மாடிக்கு ஏறும் மரப்படிகளை இத்தனை வருஷத்தில் அவள் எண்ணியதே இல்லை. இப்போது எண்ணினாள். ஏழு.

கம்பி நுனியை எடுத்து பேட்டரியின் மைனஸ் முனையில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினாள். வோல்ட்டேஜ் பூஜ்யமாக, எல்இடிகள் ஒவ்வொன்றாக அணைந்தன. பலகைகள் ஒவ்வொன்றாக முனகின, கீழ்நோக்கி. போன உயிர் திரும்பி வந்தது.

கம்பியை அங்கேயே முறுக்கிக் கட்டிவிட்டுக் கையை எடுத்தாள். ஒன்று எரிந்தது. விரலை வைத்தாள், அணைந்தது. கட்டு அதற்கு ஒரு பொருட்டே இல்லை. அவள் விரல்தான் வேண்டும். ஒரே ஓட்டமாக மாடிக்கு ஓடிவிடலாம் என்று எழுந்தவள் இரண்டடி வைப்பதற்குள் ஐந்தாவது பலகை முனகிவிட்டது. விழுந்தடித்துத் திரும்பிவந்து அழுத்தினாள். போன் அடுப்படியில் இருந்தது. கத்தினால் குழந்தை எழுந்து படிக்கு வந்துவிடும். உட்கார்ந்த இடத்திலேயே அழுதாள், சத்தமில்லாமல்.

எவ்வளவு நேரமோ. கட்டைவிரல் மரத்துப்போயிற்று. பிறகுதான் கவனித்தாள், பேட்டரி இறங்கிக்கொண்டிருந்தது.

விரல் அழுத்திக்கொண்டுதான் இருந்தது. முதல் எல்இடி மங்கலாக எரிந்தது.

படி குட்டையாகிவிட்டது.

இரண்டு.

எலும்பு வலிக்க அழுத்தினாள். மூன்று. பலகை முனகல்.

மேலே கட்டில் கிறீச்சிட்டது. மகள் விழித்துக்கொண்டாள்.

"அம்மா, ஏன் படியிலயே நிக்கிற?"

அவள் மாடிப்பக்கம் முகத்தைத் திருப்பினாள்.

"கண்ணு, அது அம்மா இல்ல! கதவைச் சாத்து!" என்று கத்தப் பார்த்தாள். காற்றுதான் வந்தது.

"மேல வாம்மா."

நான்கு. ஐந்து. ஆறு.

கம்பியை விட்டுவிட்டு ஓட நினைத்தாள். விரல் வரவில்லை. கம்பி பிடித்துக்கொண்டிருந்தது.

ஏழு.

மேலே, ஒருக்களித்திருந்த கதவு முழுதாகத் திறந்தது. கட்டிலில் யாரோ உட்காரும் சத்தம். பிறகு மகளின் குரல், காய்ச்சல் தணிந்த நிம்மதியோடு.

"உன் கை ஜில்லுனு இருக்கும்மா. எடுக்காத."

எல்இடிகள் ஏழும் எரிந்தபடி இருந்தன.