ஜெபக்கனியின் தொண்ணூற்றெட்டு

கொம்பையாவின் முப்பத்தொன்று இன்றும் ஏறவில்லை.

"பூட்டியாச்சா அண்ணாச்சி? இன்னொரு தடவை பாத்துச் சொல்லுங்க. எனக்கு இன்னும் கல்யாணமே ஆகல" என்றான் அவன், ஆரல்வாய்மொழிக் காற்றாலையின் உச்சியிலிருந்து.

கோயம்புத்தூரில், தன் வீட்டு அறையில் இருந்தபடி தளவாய் கேமராவை மறுபடி பார்த்தான். பூட்டுமுளை குழிக்குள் இறங்கியிருந்தது. இனி இறக்கைகள் சுழலாது.

பழுதுபார்க்க மேலே ஏறுபவர்களின் மணிக்கட்டில் நம்பகமானி கட்டியிருக்கும். தொலைவிலிருந்து இயக்குபவரின் குரலைக் கேட்டதும் அவர்கள் உடம்பு எவ்வளவு நிம்மதியாகிறது என்பதை நாடியிலும் வியர்வையிலும் அளந்து, நூற்றுக்கு இத்தனை என்று இருவருக்கும் காட்டும். முகம் பாராமல் சேர்ந்து உழைப்பவர்களுக்குள் நம்பிக்கை வளரட்டும் என்று நிர்வாகம் செய்த ஏற்பாடு அது. கொம்பையா முப்பத்தொன்றைத் தாண்டியதில்லை; நேரில் ஒருமுறைகூடப் பார்த்திராத ஜெபக்கனி தளவாய்க்குத் தந்திருந்தது தொண்ணூற்றெட்டு. அதைப் படமெடுத்து மனைவியிடம் காட்டிப் பெருமைப்பட்டிருக்கிறான்.

அடுத்த கோபுரத்தில் ஜெபக்கனி ஏறினாள்.

"பூட்டியாச்சு தங்கச்சி." விசையை அழுத்தியதோடு சரி. கேமராவைப் பார்க்கவில்லை.

"சரி அண்ணாச்சி" என்று இறக்கையோரமாகக் கயிற்றில் இறங்கினாள்.

இறக்கை நகர்ந்தது. ஒரு முழம்தான், அதற்குள் அரைகுறையாக நின்றிருந்த முளை குழியில் விழுந்துவிட்டது. ஆனால் அவள் தோள் கோபுரத்தில் மோதிய சத்தம் அவனுக்குக் கேட்டது.

"கனி! கனி!"

அவன் குரல் கேட்டதும் அவள் நாடியின் படபடப்பு தணிந்தது. எண் தொண்ணூற்றொன்பதாயிற்று.

"காத்து பேயா அடிக்கு அண்ணாச்சி. நீங்க மட்டும் பூட்டாம இருந்திருந்தா இன்னைக்கு நான் போயிருப்பேன்."

தளவாய்க்குக் காது மடல் எரிந்தது. பேசாமல் இருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. அந்த எண்தான் அவனைப் பார்த்துக்கொண்டே இருந்தது.

"நான் பாக்கல தங்கச்சி. கொம்பையாவுக்கு ரெண்டு தடவை பாத்தேன். நீதான் நம்புறியேன்னு... உனக்குப் பாக்கல."

எண் அறுபதாகி, இருபதாகி, ஒன்பதில் நின்றது.

நாலு நாள் கழித்து, தோளில் கட்டுடன் அவளே அவன் இணைப்பில் வந்தாள்.

"பூட்டியாச்சா சார்?"

அண்ணாச்சி போய்விட்டதைக் கவனித்தான். "மூணு தடவை பாத்துட்டேன்மா." பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டான். "பூட்டுறதுக்கு வேற ஆளக் கேட்டிருக்கலாமே?"

"மத்தவங்க மேல எனக்குத் தொண்ணூறுக்கு மேல இருக்கு சார். அதான் பயமா இருக்கு."

தளவாய் தலைகுனிந்தான். பிறகு நிமிர்ந்து, நாலாவது தடவையாகக் கேமராவைப் பார்த்தான்.