வீடு என்ற பொத்தான்

அன்று மத்தியானம் காரில் வெளியே போய்விட்டு வந்த அப்பாவுக்குச் சோறு வேண்டியிருக்கவில்லை.

"பசிக்கலம்மா. வீட்லயே சாப்பிட்டுட்டேன்," என்றார், செருப்பைக் கழற்றிக்கொண்டே.

"எந்த வீட்லப்பா?"

அப்பா ஒரு காலில் செருப்போடு நின்று யோசித்தார். "அதான்… வீட்ல," என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போய்விட்டார்.

மகள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கொஞ்ச காலமாகவே அவர் பேச்சு அப்படித்தான் முன்னுக்குப் பின் முரணாக இருந்தது. மருந்துக் கம்பெனிப் பிரதிநிதியாக ஊர் ஊராகச் சுற்றியவர். எந்த டாக்டரின் கிளினிக் எந்தச் சந்தில் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லக்கூடிய மனுஷன். அப்படிப்பட்டவர் போன மழைக்காலத்தில் பேப்பர் வாங்கப் போய், திரும்பி வரத் தெரியாமல் பெட்ரோல் பங்கில் காரை நிறுத்திவிட்டு அழுதுகொண்டிருந்தார். "இது ஆரம்பக் கட்டம்தான். பகல்ல, பழகின ரோட்ல ஓட்டட்டும். இப்பவே சாவியைப் பிடுங்கினா ஆள் ஒடிஞ்சு போயிடுவார்," என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

அதற்காகத்தான் அவள் கணவன் அந்த ஜிபிஎஸ் கருவியை வாங்கி வந்தான். போனில் வழி பார்க்க அப்பாவால் முடியவில்லை. யாராவது கூப்பிட்டால் வரைபடம் மறைந்துவிடும், மனுஷன் பதறிப்போவார். இதில் அந்த வம்பில்லை. உள்ளங்கை அகலத் திரை. கார்க் கண்ணாடியில் ரப்பர் கிண்ணத்தால் ஒட்டிக்கொள்ளும். திரையில் பெரிய எழுத்தில் 'வீடு' என்று ஒரு பொத்தான். எங்கே இருந்தாலும் அதைத் தொட்டால் போதும், ஒரு பெண்குரல் தமிழில் வழி சொல்லிக் கூட்டிவந்துவிடும்.

ஆரம்பத்தில் அது பெரிய கூத்தாக இருந்தது. வெயில் ஏறினால் ரப்பர் பிடியை விட்டு அப்பாவின் மடியில் தொப்பென்று விழும். சார்ஜர் வயர் கியரில் சுற்றிக்கொள்ளும். செயற்கைக்கோளைத் தேடுகிறேன் என்று கால்மணி நேரம் சுற்றிச் சுற்றிக் காட்டும். திருப்பம் தாண்டிய பிறகு "இடப்பக்கம் திரும்பவும்" என்று ஆணையிடும். "முன்னாடியே சொல்றதுக்கென்ன டீச்சர்?" என்று அப்பா அதனோடு சண்டை போடுவார். டீச்சர் என்றே பெயர் நிலைத்துவிட்டது. நூலகத்துக்கும் பூங்காவுக்கும் போய்விட்டு, டீச்சர் தயவில் பத்திரமாகத் திரும்பினார். வீட்டில் எல்லோரும் நிம்மதியாக மூச்சு விட்டார்கள்.

பிறகுதான் சாப்பிட்டுவிட்டு வர ஆரம்பித்தார்.

அதோடு நிற்கவில்லை. ஒருநாள் அவர் சட்டையில் அறுந்திருந்த பொத்தானை யாரோ தைத்துவிட்டிருந்தார்கள். மகள் தைக்கவில்லை, தைக்க வேண்டும் என்று நினைத்ததோடு சரி. இன்னொரு நாள் கை நகங்கள் வெட்டப்பட்டிருந்தன. அவருக்குத் தானாக வெட்டிக்கொள்ள முடியாது, கை நடுங்கும். காலையில் கசங்கிய சட்டையோடு போனவர், சாயங்காலம் இஸ்திரி மடிப்புக் கலையாமல் வந்தார்.

"யாருப்பா உங்களை இப்படிக் கவனிச்சுக்கிறது?" என்று அவள் சிரித்துக்கொண்டேதான் கேட்டாள்.

"அவங்கவங்க செய்யறதைச் செய்யறாங்க," என்றார் அப்பா.

மகளுக்குப் பல்செட் செய்யும் ஆய்வுக்கூடத்தில் வேலை. அடுத்த விடுமுறை நாளன்று, அப்பாவோடு அவளும் காரில் ஏறிக்கொண்டாள். நூலகத்தில் அவர் பேப்பர் படித்து முடிக்கும்வரை காத்திருந்தாள். திரும்பும்போது அவர் 'வீடு' பொத்தானைத் தொட்டார்.

"வலப்பக்கம் திரும்பவும்," என்றது குரல்.

"அப்பா, நம்ம வீடு இடப்பக்கம்."

"டீச்சர் சொல்றாளே," என்றார் அப்பா. அவர் கைகள் ஸ்டியரிங்கை உறுதியாகத் திருப்பின. நடுக்கமே இல்லை. அந்தக் கைகளை அவள் அப்படிப் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது. அதனாலேயே தடுக்க மனம் வரவில்லை. எங்கேதான் போகிறார், பார்த்துவிடுவோம் என்று உட்கார்ந்திருந்தாள்.

சிமென்ட் கிடங்கு தாண்டியது. மனைகளாகப் பிரித்துக் கல் நட்டு, யாரும் வீடு கட்டாமல் விட்ட பெரிய பொட்டல் வந்தது. தார் முடிந்து மண்பாதை. வண்டிகளின் சத்தம் பின்னால் தேய்ந்து, டயருக்கடியில் சரளைக்கல் நொறுங்குவது மட்டும் கேட்டது. பட்டப்பகல். ஆனால் ஒரு பறவைகூட இல்லை.

"வீடு வந்துவிட்டது," என்றது குரல்.

எதிரே ஒரு பழைய ஒற்றை மாடி வீடு நின்றது. கேட் துருவேறிப் பாதி மண்ணில் புதைந்திருந்தது. ஒரு பக்கத்துக் கூரை உள்ளே விழுந்திருந்தது. ஜன்னல் சட்டங்களை யாரோ எப்போதோ பெயர்த்துக்கொண்டு போயிருந்தார்கள்.

அப்பா இறங்கி, சட்டையை நீவிவிட்டுக்கொண்டு, உள்ளே போனார்.

அவளும் பின்னால் போனாள். தரையில் தூசு கணுக்கால்வரை இருந்தது. சுவரில் பச்சைப் பாசி. ஈரமண் வாடைக்கு நடுவில் வேறொரு வாசனை வந்தது. அது என்னவென்று புரிய அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

சூடாக இஸ்திரி போட்ட துணியின் வாசனை.

அப்பா நடு அறையில், உடைந்த ஜன்னல் திட்டில் உட்கார்ந்திருந்தார். எதிர்ச் சுவரைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார். "இன்னைக்குக் கூட்டம் அதிகம்… இல்லல்ல, கால்வலி பரவாயில்ல… ஆமா, கூட வந்திருக்கா. அந்த வீட்டுப் பொண்ணு."

பேசிவிட்டு நிறுத்தினார். தலையாட்டினார். யாரோ சொன்னதற்குச் சிரித்தார்.

தட்டு ஒன்று அவர் பக்கத்தில் இருந்தது. கழுவிக் கவிழ்த்த தட்டு. விளிம்பிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

அந்த வீட்டில் ஒரு குழாய்கூட மிச்சமில்லை.

அவள் அப்பாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடிவந்தாள். காரை அவளே ஓட்டினாள். வழியெல்லாம் அப்பா பின் கண்ணாடி வழியாகத் திரும்பித் திரும்பிப் பார்த்தார். ஒரு தடவை கைகூட அசைத்தார்.

கணவனுக்கு அவள் சொன்னதில் பாதிதான் விளங்கியது. அவன் குளிர்சாதனப் பெட்டி பழுது பார்ப்பவன். எந்தப் பேயையும் ஸ்க்ரூடிரைவர் எடுத்துக் கழற்றிப் பார்க்கலாம் என்று நினைக்கிற ஆள். கருவியில் இருந்ததையெல்லாம் அழித்து, வீட்டு முகவரியைப் புதிதாகப் பதிந்தான். தானே ஒரு சுற்றுப் போய் வந்தான்.

"எனக்கு ஒழுங்காத்தானே காட்டுது? நேரா நம்ம வாசல்ல கொண்டுவந்து விட்டுச்சு. மாமாவே எங்கேயோ பழைய ஞாபகத்துல போயிருப்பார்."

"தட்டுல தண்ணி சொட்டிச்சே?"

அவன் கருவியைப் பீரோவில் வைத்துப் பூட்டினான். கார்ச் சாவியை அவள் தன் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

அப்பா கோபித்துக்கொள்ளவில்லை. கோபித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மறுநாள் காலையில் குளித்து, தலைசீவி, ஒரு துணிப்பையில் தன் சட்டைகளை மடித்து வைத்துக்கொண்டு வாசல் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் மாதிரி முதுகு சாயாமல் உட்கார்ந்திருந்தார்.

"என்னப்பா இது?"

"ரொம்ப நாள் தங்கிட்டேன். உங்களுக்கும் சிரமம். வீட்ல தேடுவாங்க."

'உங்களுக்கும்' என்றார். பிறந்ததிலிருந்து அவளை 'வா, போ' என்றே பேசியவர்.

அவள் அவர் முழங்காலருகே தரையில் உட்கார்ந்தாள். "அப்பா, நான் உங்க பொண்ணு. என்னைப் பாருங்க."

அவர் பார்த்தார். கண்ணில் அன்பு இருந்தது. பக்கத்து வீட்டுப் பெண்ணைப் பார்க்கும் அன்பு.

"தெரியும்மா. பெத்த பொண்ணு மாதிரிதான் பாத்துக்கிட்டீங்க," என்றார்.

அவள் வேலைக்கு லீவு போட்டாள். டாக்டருக்குப் போன் செய்தாள், மாத்திரையை மாற்றினார்கள். பழைய போட்டோக்களைக் காட்டினாள். மூன்று வருஷத்துக்கு முன் செத்துப்போன அம்மாவின் படத்தைக் கையில் கொடுத்தாள். "பாவம், நல்ல முகம்," என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டு, மறுபடி தெருவைப் பார்த்தார். சோறு ஊட்டினால் மரியாதைக்கு இரண்டு வாய் வாங்கிக்கொண்டார். ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாக விருந்தாளி ஆகிக்கொண்டிருந்தார். அவளால் செய்ய முடிந்ததெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது ஒன்றுதான்.

ஒரு பிற்பகல், கணவன் வேலைக்குப் போயிருந்த நேரம், வாசலில் கார் ஒன்று வந்து நின்றது.

இளைஞன் ஒருவன் இறங்கினான். இஸ்திரி மடிப்பு விழுந்த வெள்ளைச் சட்டை. கேட்டைத் திறக்கும்போது அது கிறீச்சிடாமல் லேசாகத் தூக்கித் திறந்தான். பழகினவர்களுக்குத்தான் அது தெரியும்.

"அப்பாவைக் கூட்டிட்டுப் போக வந்தேன்க்கா," என்றான்.

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். வளைந்த மூக்கு, ஒன்று மட்டும் சற்றே உயர்ந்த புருவம். அப்பாவின் கல்யாணப் போட்டோவில் இருந்த அதே முகம்.

எழுந்திருக்க நினைத்தாள். கால்கள் அவளுடையவையாக இல்லை.

"வந்துட்டியாடா?" அப்பா துள்ளி எழுந்தார். அந்த 'டா'வில் இருந்த உரிமை! "எத்தனை நாளாக் காத்துக்கிட்டு இருக்கேன்!"

"அம்மா உங்களையும் வரச் சொன்னாங்கக்கா," என்று அவன் மெதுவாகச் சொன்னான். அப்பாவின் துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டான். அவர் அவன் கையைப் பிடித்துக்கொண்டு, அவளைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனார்.

கார் தெருமுனை திரும்பிய பிறகுதான் அவளுக்குக் கால் வந்தது. அப்பாவின் காரை எடுத்தாள். எந்த வழி? சிமென்ட் கிடங்கு ஞாபகம் இருந்தது. அதற்குப் போகும் சாலை மட்டும் மனதிலிருந்து துடைத்தாற்போல் காணாமல் போயிருந்தது. வேறு வழியில்லாமல் உள்ளே ஓடிப் பீரோவைத் திறந்து கருவியை எடுத்துவந்தாள். 'வீடு' பொத்தானைத் தொட்டாள்.

தன் வீட்டு வாசலில் நின்றுகொண்டுதான் தொட்டாள்.

"நேராகச் செல்லவும்," என்றது குரல்.

பொட்டல்வெளிக்கு வந்தபோது வெயில் மஞ்சளாகச் சாய்ந்திருந்தது. இடிந்த வீட்டின் முன்னால் எந்தக் காரும் இல்லை. மண்ணில் டயர்த் தடமும் இல்லை. "அப்பா!" என்று கூப்பிட்டுக்கொண்டு ஒவ்வொரு அறையாக ஓடினாள். தூசியில் அவள் காலடி மட்டுமே பதிந்தது. முன்பு வந்தபோது பதிந்த தடங்கள்கூட இல்லை.

கணவனுக்குப் போன் செய்தாள்.

"எங்கே போய்ட்டே நீ?" என்றான் அவன், சந்தோஷமான குரலில். "நான் வந்து அரைமணி நேரமாச்சு. எல்லாரும் உனக்காகத்தான் காத்துக்கிட்டு இருக்கோம்."

"அப்பாவைக் காணோம்… அப்பாவை யாரோ…"

"மாமாவா? இதோ சோபாவில உக்காந்து உன் தம்பிகூடக் காபி குடிச்சிட்டு இருக்கார். என்ன ஆச்சு உனக்கு?"

"எனக்குத் தம்பியே இல்லையே," என்றாள் அவள்.

அவன் வாய்விட்டுச் சிரித்தான். "இரு, அத்தை பேசணுமாம். அவங்கக்கிட்டயே சொல்லு."

அவள் அம்மாவின் பாடைக்குத் தோள் கொடுத்துத் தூக்கிப் போனவர்களில் அவள் கணவனும் ஒருவன்.

போன் கை மாறும் சத்தம் கேட்டது. வளையல்கள் உரசின. அவள் ஒருபோதும் கேட்டிராத ஒரு பெண்ணின் குரல், இத்தனை காலமும் அவளை வளர்த்ததுபோல, வாஞ்சையாகப் பேசியது.

"பயப்படாதம்மா. நீ அங்கேயே இரு. தம்பியை அனுப்பறேன், வந்து கூட்டிட்டு வருவான்."

"வேண்டாம்," என்று சொல்ல வாயைத் திறந்தாள்.

வெளியே, சரளைக்கல்லை நொறுக்கிக்கொண்டு, கார் ஒன்று வந்து நின்றது.